தூக்கத்தில் ஓடிய டேட்டாவுக்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவருடன் 12 நாள் வெளிநாடு போய்வந்திருக்கிறார். இரண்டு நாடுகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓர் இரவு கப்பல் பயணம். கிளம்பும் முன்பே, இரண்டு நாடுகளிலும் செல்லுபடியாகும் ரோமிங் பேக் ஒன்றைத் தன் மொபைல் நிறுவனத்தில் போட்டிருக்கிறார். திரும்பி வந்தபின் கைக்கு வந்த பில் வழக்கத்தைவிட ஒன்பது மடங்கு. அதில் பெரும்பகுதி, கப்பலில் இருந்த இரவு 1.40-க்குத் தொடங்கி 4.10-க்கு முடிந்த டேட்டா. "அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், போனைத் தொடவே இல்லை" என்கிறார். எடுக்காமல் விட்ட 14 அழைப்புகளுக்கும் தனியாகக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டும் கெடுவுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. உன் கவனக்குறைவால் வந்த வினை என்று கணவர் சொல்கிறார்.

இதற்கிடையில் ஐந்து வாரத்தில் இன்னொரு பயணம், 16 நாளில் ஒன்றுக்கு மேல் நாடுகள். இந்த முறை 71 வயது அப்பாவும் உடன் வருகிறார். சர்க்கரை அளவைப் பார்க்க அவர் கையில் சென்சார் பொருத்தியிருக்கிறது; டேட்டா இல்லாவிட்டால் அது வேலை செய்யாதோ என்று வாசகிக்குப் பயம். பழைய சிம்மைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்கிறார் கணவர். வாசகிக்கோ, விமானத்தில் ஏறியதும் டேட்டாவை அடியோடு நிறுத்திவிட்டு, கிடைக்கிற இடத்தில் வைஃபையை வைத்துச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம். "எது சரி? இந்தப் பில்லை நான் கட்டத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மனதை உறுத்துவதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை. கிளம்பும் முன்பே பேக் போட்டவர் நீங்கள். பலர் அதைக்கூடச் செய்வதில்லை. நீங்கள் தடுக்கியது, நல்ல வெளிச்சத்தில்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படியில். நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞராக இப்படிப்பட்ட பில்களை நிறையக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கப்பல் என்ற சொல்லைப் படித்ததுமே எனக்கு மீதிக் கதை பாதி தெரிந்துவிட்டது.

அந்த இரவு நடந்தது என்ன

கரையிலிருந்து கப்பல் விலகியதும் தரையில் இருக்கும் கோபுரங்களின் சிக்னல் மங்கிப்போகும். பல பெரிய கப்பல்களில் அவர்களுக்கென்றே ஒரு சிறிய மொபைல் நெட்வொர்க் உண்டு. கப்பலுக்குள் ஆன்டெனா, அங்கிருந்து செயற்கைக்கோள், பிறகு தரை. சிக்னல் தேடி அலையும் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அது நீங்கள் கிளம்பிய நாடும் இல்லை, போய்ச்சேர வேண்டிய நாடும் இல்லை. ஆகவே இரண்டு நாடுகளுக்கென்று போட்ட பேக் அங்கே செல்லாது. செயற்கைக்கோள் வழி என்பதால் கட்டணமும் பல மடங்கு.

நீங்கள் தூங்கினீர்கள் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் போன் தூங்குவதில்லை. சார்ஜில் போட்டு வைத்த நேரம் பார்த்துத்தான் பல போன்கள் அன்றைய படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், மின்னஞ்சலை இறக்கும். "நான் எதையும் திறக்கவில்லை, அதனால் டேட்டா போயிருக்காது" என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள். நிறுவனத்திடம் இருக்கும் பதிவு அதை ஒரே வரியில் உடைத்துவிடும்.

எடுக்காத அழைப்புகளுக்குக் கட்டணம் வந்ததற்கும் காரணம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும்போது உங்களுக்கு வரும் அழைப்பு, உங்கள் நாட்டு நெட்வொர்க்கிலிருந்து நீங்கள் இருக்கும் நாட்டுக்கு அனுப்பப்படுகிறது. நீங்கள் எடுக்காவிட்டால், வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடும் வசதி போனில் இருந்தால், அந்த அழைப்பு மறுபடி உங்கள் நாட்டுக்கே திரும்பி வருகிறது. போனது ஒரு சர்வதேச வழி, திரும்பியது இன்னொரு சர்வதேச வழி. இரண்டுக்கும் சேர்த்து உங்கள் கணக்கில் எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. அடுத்த முறை கிளம்பும் முன் ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பிவிடல்களும் ரத்தாகிவிடும்.

பில்லை எப்படி எதிர்கொள்வது

உங்கள் ஒப்பந்தம் உங்கள் நாட்டு நிறுவனத்தோடுதான். வெளிநாட்டு நெட்வொர்க்கோடும் கப்பல் நெட்வொர்க்கோடும் உங்களுக்கு எந்த உறவும் இல்லை. அவர்களுக்குப் பணம் தரும் உடன்பாடு வைத்திருப்பது உங்கள் நிறுவனம். "அது அங்கே நடந்தது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று வாடிக்கையாளர் சேவையில் யாராவது சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள்.

முதலில் வரி வரியான விவரப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டேட்டா இணைப்பும் எந்த நெட்வொர்க்கில், எத்தனை எம்பி, எந்த நேரம் என்பது அதில் இருக்கும். அந்த நேரம் எந்த நாட்டு நேரம் என்றும் கேளுங்கள். 1.40 என்று எழுதியிருப்பது உங்கள் ஊர்ப்படியா, கப்பல் இருந்த இடத்துப்படியா என்பதைப் பொறுத்து, அப்போது நீங்கள் கப்பலில் இருந்தீர்களா கரையில் இருந்தீர்களா என்பதே மாறலாம். நெட்வொர்க்கின் எண் 901 என்று தொடங்கினால், அது எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேச நெட்வொர்க்குகளுக்கு ஒதுக்கப்பட்ட எண். கப்பல், விமான நெட்வொர்க்குகள் அந்த வகையில் வருபவை. அதை வைத்து உங்கள் வழக்கை வடிவமைக்கலாம்.

நான் வலுவானவையாகப் பார்க்கும் கேள்விகள் மூன்று. பேக் விற்றபோது கப்பலும் விமானமும் அடங்காது என்று உங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்களா, அல்லது விதிமுறைகளின் அடியில் ஒரு வரியில் புதைத்திருந்தார்களா? கப்பல் நெட்வொர்க்கில் போன் இணைந்ததும் கட்டணம் குறித்து எச்சரிக்கைச் செய்தி வந்ததா? செலவு எல்லை மீறியபோது டேட்டாவைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு உங்கள் கணக்கில் இருந்ததா, இருந்தால் ஏன் வேலை செய்யவில்லை? இந்த மூன்றில் ஒன்றிலாவது நிறுவனம் தடுமாறினால் பில்லைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் நியாயம் உங்களுக்கு இருக்கிறது.

ஒரு ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், உறுப்பு நாடுகளுக்குள் போய்வருபவரிடம் தனி ரோமிங் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. 2022-இல் அதை 2032 வரை நீட்டித்தார்கள். வாடிக்கையாளர் வேறு எல்லை கேட்காவிட்டால், ரோமிங் டேட்டாச் செலவு வரி நீங்கலாக 50 யூரோவைத் தொடும்போது இணைப்பை நிறுத்த வேண்டும் என்பதும் அங்கே விதி. கட்டணமில்லா ரோமிங் தரைக் கோபுரங்களுக்கு மட்டும்தான், கப்பலுக்கும் விமானத்துக்கும் கிடையாது. இந்த விதியை உங்கள் நிறுவனத்தின் மேல் நேரடியாகச் செலுத்த முடியாமல் போகலாம். ஆனால் தானாக நிறுத்தும் ஏற்பாடு நடைமுறையில் சாத்தியமில்லை என்று அவர்கள் வாதாடினால், இதைக் காட்டிப் பேசலாம்.

செய்யக் கூடாததையும் சொல்கிறேன். கோபத்தில் மொத்தப் பில்லையும் கட்டாமல் விடாதீர்கள். உங்கள் வழக்கமான மாதக் கட்டணத்தையும், நீங்கள் மறுக்காத மற்ற வரிகளையும் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். மறுக்கும் தொகை எவ்வளவு, எதனால் என்று எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். தீர்வு வரும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்றும், தாமதக் கட்டணம் சேர்க்க வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால், கெடு நாளில் முழுத் தொகையும் போய்விடும். எடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது கட்டாத பணத்துக்காகப் போராடுவதைவிடக் கடினம். அதனால் இன்றைக்கே வங்கியில் பேசுங்கள். வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிவிட்டால் பில் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடன் அப்படியே நிற்கும், கடன் வரலாற்றிலும் ஏறலாம்.

நிறுவனத்தின் பதில் திருப்தியாக இல்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரி, அதன்பின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்போ குறைதீர்ப்பாளரோ, கடைசியாக நுகர்வோர் மன்றம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. முதல் முறை இப்படிச் சிக்கியவருக்கு, முறையாக எழுதிக் கேட்டால், சலுகையாகக் குறைத்துத் தருவதை நான் பார்த்திருக்கிறேன். முழுத் தொகையும் தள்ளுபடியாகும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

அடுத்த பயணம்: எண் ஒரு வேலை, டேட்டா வேறு வேலை

இப்போது ஐந்து வாரம் கழித்துப் போகும் பயணத்துக்கு வருவோம். கணவர் சொல்வதிலும் நீங்கள் சொல்வதிலும் ஒரே பிழை இருக்கிறது. இருவரும் சிம்மை ஒற்றை வேலைக்கான பொருளாகப் பார்க்கிறீர்கள். அது செய்வது இரண்டு வேலை. உங்கள் எண்ணாக இருப்பது ஒன்று. டேட்டா தருவது இன்னொன்று. செலவு வைப்பது இரண்டாவது. முதலாவதை விட்டுவிட்டால் ஆபத்து.

பழைய சிம்மை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், வங்கி அனுப்பும் ஓடிபி யாரும் பார்க்காத அலமாரிக்கு வரும். அந்நிய நாட்டில் கார்டைத் தேய்த்ததும் வங்கிக்குச் சந்தேகம் வந்து உறுதிப்படுத்தச் சொல்லிச் செய்தி அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். அதனால் பழைய சிம் போனிலேயே இருக்கட்டும், அதன் டேட்டா ரோமிங் மட்டும் அணைந்திருக்கட்டும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை; உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று கேட்டுவிடுங்கள். சர்வதேச ரோமிங் சேவை உங்கள் எண்ணில் திறந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அது மூடியிருந்தால், போன் அங்கே எந்த நெட்வொர்க்கிலும் சேராது, ஓடிபியும் வராது. போனில் இருக்கும் டேட்டா ரோமிங் பொத்தான் வேறு, நிறுவனம் தன் பக்கம் திறந்து வைக்கும் ரோமிங் சேவை வேறு.

டேட்டாவுக்கு உங்கள் முன்னால் மூன்று வழி. உங்கள் நிறுவனத்தின் ரோமிங் பேக் எளியது. எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் நாள் கணக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். நள்ளிரவோடு நாள் முடியும் என்றால், இரவு 11 மணிக்கு இறங்குபவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் போய்விடும். வழியில் விமானம் மாறும் நாடு பேக்கில் இருக்கிறதா என்பதும் முக்கியம். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று கேளுங்கள்.

அங்கேயே வாங்கும் சிம், ஒரே நாட்டில் நீண்ட நாள் தங்குபவருக்கு நல்லது. உள்ளூர் எண் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும். பல நாடுகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் நகலைத் தருவது உரிமம் பெற்ற கடையிலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இ-சிம், அதாவது அட்டையாக இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம். 16 நாளில் ஒன்றுக்கு மேல் நாடுகள் போகும் உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். *#06# என்று அழுத்திப் பாருங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி என்ற நீண்ட எண்ணும் வந்தால் உங்கள் போனில் இ-சிம் வசதி இருக்கிறது. போன் எந்த நிறுவனத்தோடும் பூட்டப்படாததாகவும் இருக்க வேண்டும். வீட்டு வைஃபையில் கிளம்பும் முன்பே நிறுவிக்கொள்ளுங்கள். இறங்கியபின் நிறுவ இணையம் வேண்டும். அதைத் தேடித்தானே அப்போது அலைவீர்கள். செல்லுபடிக்காலம் நிறுவியதும் தொடங்குமா, அங்கே முதலில் இணைந்ததும் தொடங்குமா என்று படித்துவிட்டு நிறுவுங்கள். பெரும்பாலான க்யூஆர் குறியீடுகளை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். சிக்னல் வரவில்லை என்று பதறி இ-சிம்மை அழித்துவிட்டால் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் உங்களுக்கு வரப்போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்துடையவை, அவையே அங்கே விருந்தாளிகள். அதனால் அந்த இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால்தான் இணையம் வரும். பட்ட சூட்டில் நீங்கள் அந்தப் பொத்தானைக் கண்டாலே பயப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது: இ-சிம்முக்கு ஆன், வீட்டு எண்ணுக்கு ஆஃப். இன்னொரு அமைப்பையும் பாருங்கள். ஒரு சிம்மில் டேட்டா தடைபட்டால் தானாக மற்ற சிம்முக்கு மாறும் வசதி இரண்டு சிம் போன்களில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெறும் வைஃபையை நம்பிப் போகலாமா என்ற உங்கள் யோசனைக்கு: நீங்கள் தனியாகப் போனால் நான் மறுக்க மாட்டேன். பொது வைஃபையில் நுழைந்ததும் பணம் பறிபோகும் என்ற பயமும் தேவையில்லை. வங்கி ஆப்கள் தகவலை மறையாக்கித்தான் அனுப்புகின்றன. ஆபத்து, விடுதியின் பெயரைப்போலவே பெயர் வைத்த போலி வைஃபையிலும், அது காட்டும் போலி உள்நுழைவுப் பக்கத்திலும் இருக்கிறது. ஆனால் வைஃபை இல்லாத இடம் என்பது பெரும்பாலும் தெரு, ரயில் நிலையம், டாக்சி. அப்பாவோடு போகும்போது உதவி தேவைப்படக்கூடிய இடங்கள் அவைதான்.

வரைபடம் பற்றி ஒரு நல்ல செய்தி. இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம். போகும் ஊர்களின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால், சிக்னலே இல்லாத இடத்திலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். எவ்வளவு டேட்டா வாங்குவது என்று யோசிக்கும்போது காணொளியை மட்டும் கணக்கில் வையுங்கள். சாதாரணத் தரத்தில் பார்த்தாலே ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி அளவுக்குப் போகும். செய்திகளும் வரைபடமும் அதற்குப் பக்கத்தில் கூட வராது.

அப்பாவின் போனும் சென்சாரும்

அப்பா வைத்திருப்பது பழைய ஸ்மார்ட்போன் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனடியாகக் கவனியுங்கள். பல நாடுகளில் 2ஜியையும் 3ஜியையும் மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022 முடிவதற்குள் 3ஜியை நிறுத்திவிட்டன. அப்படிப்பட்ட நாட்டில் பழைய போன் பேசவே பேசாது. அழைப்புக்கும் 4ஜியைப் பயன்படுத்தும் வோல்ட்இ போன் வேண்டும். உங்கள் ஹாட்ஸ்பாட் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கூட்டத்தில் இருவரும் பிரிந்த அந்த நிமிடத்தில் அது அவரோடு போகாது. அவருக்கென்று தனி டேட்டா வாங்குங்கள்.

சென்சாரைப் பற்றிய உங்கள் பயம் பாதி தேவையற்றது. சென்சார் அவருடைய போனோடு பேசுவது புளூடூத்தில். டேட்டா இல்லாவிட்டாலும் அளவும் எச்சரிக்கை ஒலியும் அவர் போனில் வரும். ஏரோபிளேன் மோடு போட்டபின் புளூடூத் அணைந்திருந்தால் மறுபடி ஆன் செய்தால் போதும். அந்த அளவு உங்கள் போனுக்கும் வந்து சேர்வதற்குத்தான் இணையம் தேவை. அந்த ஆப்பைப் பயணத்தின் நடுவில் லாக் அவுட் செய்யவோ, அழித்துவிட்டு மறுபடி நிறுவவோ வேண்டாம். சில மருத்துவ ஆப்களுக்கு நாட்டுக்கு நாடு தனிப் பதிப்பு. அங்கே நிறுவினால் பழைய கணக்கை ஏற்காமல் போகலாம். மருந்து, உபகரணம் பற்றிய மற்ற சந்தேகங்களை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

"சிம் இல்லாவிட்டாலும் அவசர அழைப்பு போகுமாமே" என்று கணவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. ஜெர்மனியில் 2009 முதல் சிம் இல்லாத போனிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது. டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் பேசுவதற்கான எண்ணும் இருக்காது. வீட்டுச் சிம்மைக் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஓடிபியைவிடப் பெரிய காரணம் இது. போகும் நாடுகளின் அவசர எண்களையும் தங்கும் விடுதியின் முகவரியையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் அது இருக்கும்.

இந்த முறையும் கப்பலோ இரவு விமானமோ இருந்தால், ஏறியதும் மூன்று போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபை வேண்டுமானால் அதை மட்டும் ஆன் செய்யுங்கள். இறங்கி நிலத்தில் கால் வைத்தபின் எடுத்தால் போதும்.

கணவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவருடைய போனும் அதே கப்பலில்தான் இருந்தது. அவருடைய பில்லையும் வாங்கி, அந்த இரவுக்கு நேராக என்ன இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். அதிலும் கப்பல் நெட்வொர்க் இருந்தால் ஒரே புகாராக எழுதாமல் இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். விவரப் பதிவு கேட்கும் கடிதம் இன்றே போகட்டும்; பதினோரு நாளில் இரண்டு நாள் இதைப் படிப்பதற்குள் போயிருக்கும்.